மேரிக்கு மேத்யூ என்ன முறை?

அன்புள்ள காயத்ரிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உன் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இன்றோடு ஒன்பது நாள். சொட்டு மருந்து விடுவது என் வேலை. தேனிக்கு அனுப்பினால் மறுநாளே அடுப்படிப் புகையில் போய் நிற்பார். ரெவ்யூ முடியும்வரை மதுரையிலேயே இருங்கள் என்று பிடித்து வைத்துவிட்டேன். டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இவருக்குத்தான் பயம். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "நீங்க பாத்து சொல்லுங்க சம்பந்தியம்மா, நான் கேட்டுக்கிறேன்" என்கிறார். அப்படித்தான் போன வருஷம் நீ சொல்லி நான் பார்த்த டவுன்டன் அபே என்ற ஆங்கிலத் தொடரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்வேன். கதை யார்க்ஷயரில் நடக்கிறது என்றதும், "நம்ம காயத்ரி ஊர்ப் பக்கமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாளிகை மட்டும் ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹைகிளியர் என்பதை நான் சொல்லவில்லை.

முதல் நாளே சிக்கல். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கி வாரிசுகள் இரண்டு பேர் போய்விட்டார்கள், இனி மான்செஸ்டரில் வக்கீலாக இருக்கும் மேத்யூ கிராலிக்குத்தான் பட்டமும் மாளிகையும், மூத்த பெண் மேரிக்கும் அவன்தான் மாப்பிள்ளை என்றேன். மேரியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். ராபர்ட் கிராலி.

"அப்பன் வழிச் சொந்தமா?"

ஆமாம்.

"அப்போ பங்காளி. மேரிக்கு அண்ணன் முறையாகுமே! அவனைப் போய் மாப்பிள்ளைங்கிறீங்க?"

ஐம்பத்திரண்டு எபிசோடும் பார்த்து முடித்தவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. கப்பலில் செத்துப்போன பாட்ரிக்கும் பங்காளிதான், மேரியை முதலில் அவனுக்குத்தான் பேசி வைத்திருந்தார்கள் என்றதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மாமன் மகன் என்றால் ஒரு நியாயம் உண்டாம். அங்கே மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே சொல்தான் என்று விளக்கினேன். "ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறாங்க?" என்றார். பதில் தெரியவில்லை, அடுத்த காட்சியைப் போட்டுவிட்டேன்.

ஆனால் சொத்து விஷயத்தில் ஒரு கேள்வியும் வரவில்லை. ராபர்ட் மூன்று பெண்களைப் பெற்றவர், பையன் இல்லை, மனைவி கோரா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பணத்தையும் எஸ்டேட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், மூத்தவளுக்குச் சல்லிக்காசு கிடையாது என்றபோது சும்மா தலையை ஆட்டினார். 1989-ல் பரம்பரைச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. எனக்கு 1987-ல் கல்யாணம், அவருக்கு அதற்கும் முன்னால். 2005-ல் மத்தியச் சட்டம் வந்து அதைச் சரிசெய்வதற்குள் எங்கள் வீட்டு நிலத்தை விற்று, உன் மாமாக்கள் பிரித்துக்கொண்டாயிற்று. மேரியின் வாய்த்துடுக்கு எங்கிருந்து வருகிறது என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ நடுப்பெண் எடித் கட்சி. எடித்தைக் கட்டப்போகும் பெர்ட்டியின் முன்னால், அவள் மறைத்து வைத்திருந்த மகள் மேரிகோல்ட் விஷயத்தை மேரி போட்டு உடைத்ததை நீ மன்னிக்கவே மாட்டாய். கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். அத்தை இன்னும் அதுவரை வரவில்லை. முதல் சீசனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: "துருக்கித் தூதரகத்துக்குக் கடுதாசி போட்டது அந்த நடுப்பொண்ணுதானே? கூடப்பிறந்தவ மானத்தை வெளியாளுக்கு எழுதலாமா?"

ராபர்ட்டின் அம்மா வயலட்டும் இசபெலும் ஊர் ஆஸ்பத்திரியை வைத்து முட்டிக்கொள்ளும்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தர்மசங்கடம். இசபெல் மேத்யூவின் அம்மா, ஆக அந்த வீட்டுக்குச் சம்பந்தி. உன் கல்யாணப் பந்தியில் அவர்கள் வரிசைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோனதை ஆறு வருஷமாக அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன புதன்கிழமை வயலட் ஏதோ குத்தலாகச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "நம்ம பாயசம் மாதிரி" என்றார், திரும்பாமலே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான்.

அப்புறம் கடைசிப் பெண் சிபில் பிரசவம் வந்தது. கால் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்கிறார் ஊர் டாக்டர் கிளார்க்சன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் வரவழைத்த பெரிய டாக்டர். ராபர்ட் அந்தப் பெரிய டாக்டர் பேச்சைக் கேட்கிறார். குழந்தை பிறந்த ராத்திரியே ஜன்னி கண்டு சிபில் போய்விட்டாள். கோரா புருஷன் முகத்தைப் பார்க்கக்கூட மறுக்கிறாள். கிழவி வயலட் கிளார்க்சனிடமே போய், கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்று அவர்களிடம் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அவரும் சொல்கிறார்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணைத் தொடாதீங்க என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவன் மதுரைக்குக் கொண்டு போலாம்னுதான் சொன்னான். நான்தான் இந்த ஆஸ்பத்திரியே போதும்னேன்" என்றார். உன் மாமனார் போனதைச் சொல்கிறார். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாத பேச்சு.

"கொண்டு வந்திருந்தாலும் வழியில்லை சம்பந்தியம்மா. ரிப்போர்ட்டை அப்பவே இவர் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டார்" என்றேன்.

உன் அப்பா எந்த ரிப்போர்ட்டையும் யாரிடமும் காட்டவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லும்படி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் தெரிந்து வைத்துக்கொள். மாப்பிள்ளையிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் யோசனை.

இப்போது மூன்றாம் சீசனில் கடைசி எபிசோடுதான் பாக்கி. பங்காளிக் கணக்கெல்லாம் மறந்து, மேத்யூவை 'நம்ம மாப்பிள்ளை' என்கிறார். அந்த நடிகர் தொடரைவிட்டு விலகிவிட்டார் என்பதற்காக, பிறந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கார் ஓட்டி வருகிறவனைச் சாகடித்தார்கள் பார், அதுவும் 2012 கிறிஸ்துமஸ் ராத்திரி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும்போது! இன்னொரு அழுகையை அந்தக் கண் தாங்காது. வியாழக்கிழமை ரெவ்யூ. அதுவரை ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். போனில் கேட்டால் எதையும் உளறிவிடாதே.

அம்மா