ஸ்க்ரேம்பளர் ஓட்டும் எங்கள் ஊர்த் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ஏழெட்டுப் பேர் மண் தடத்தில் ஓட்டும் அந்த மோட்டார்சைக்கிள்களோடு சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கும் சத்தம் என் பட்டறை வரைக்கும் கேட்கும். சத்தத்தைப் பற்றிப் புகார் செய்ய இந்த மடலை எழுதவில்லை. அதைத் தோட்டத்து நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது உங்கள் வண்டியின் ஏர் பில்டரைப் பற்றி, அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றில் தூசைப் பிடிக்கும் ஸ்பாஞ்சைப் பற்றி.

போன மாதம் உங்களில் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் வேண்டாம். "அண்ணே, புகை அள்ளுது. கிக் அடிச்சா காலுக்கு வெயிட்டே தெரியல." அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பில்டர் உட்காரும் ஏர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஸ்பாஞ்சு எங்கே என்றேன். "எடுத்துட்டேன்ணே, பிக்கப் நல்லா இருந்துச்சு" என்றார். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினேன். குங்குமச் சிமிழுக்குள் விட்டு எடுத்த மாதிரி இருந்தது விரல். அப்புறம் சிலிண்டரைக் கழற்றினோம். சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது. போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் சேர்த்துப் பில்லைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிக்கப் கூடியது என்று அவர் நினைத்ததில் பாதிக்கு மேல் வெறும் சத்தம்தான். பில்டரை எடுத்தால் இன்ஜின் காற்றை உறிஞ்சும் இரைச்சல் நேராகக் காதுக்கு வரும், அவ்வளவுதான். பில்டர் இருக்கும் என்ற கணக்கில்தான், பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தால் காற்று கூடி, பெட்ரோல் பங்கு குறைந்து, இன்ஜின் சூடேறும். அது போதாது என்று மண்ணும் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் மழை இல்லை என்றால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி போகும் தடத்தில் செம்மண் மாவாகிக் கிடப்பது உங்களுக்கே தெரியும். அந்த மாவில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்தால், நாங்கள் வால்வு தேய்க்கப் போடும் பேஸ்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

என் அம்மா இருபது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஸ்டோரில் வாளிப் பாலைச் சல்லடையில்தான் ஊற்றுவார்கள். இலை, பட்டைத் தூள், எறும்பு எல்லாம் அதில் நிற்கும். பொடிசு மட்டும் சல்லடைக் கண் வழியாக இறங்கிவிடும். காய்ந்த ஸ்பாஞ்சும் அப்படித்தான். எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால்தான் பொடித் தூசு அதில் ஒட்டும். ஆகவே பில்டரைக் கழுவி, எண்ணெய் போடாமல் மாட்டுகிறவர்களும் பில்டரே இல்லாமல் ஓட்டுகிறவரும் ஏறக்குறைய ஒரே கட்சி.

கழுவும் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோலில் முக்காதீர்கள். என் முதல் வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் பசை விட்டு, இரண்டு அடுக்கும் தனித்தனியாகக் கழன்று வந்தது. அது தெரியாமலே மாட்டி இரண்டு மாதம் ஓட்டினேன் நான். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பழைய மைலோ டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கி எடுங்கள். துணி பிழிகிற மாதிரி முறுக்கவே கூடாது, கிழிந்துவிடும். அடுத்து வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு இன்னொரு தடவை. அலசும்போது தண்ணீர் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகட்டும். மாற்றிச் செய்தால் வெளியே இருந்த மண்ணை நீங்களே உள்ளே தள்ளிவிடுவீர்கள். நிழலில் முழுசாகக் காயட்டும். அவசரப்பட்டு காற்றுக் குழாயால் அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழுக்கு மண்ணெண்ணெயைக் கால்வாயில் கொட்ட வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள்.

எண்ணெய் போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மிச்சம் கிடக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் அது ஒரே இரவில் வடிந்து அடியில் சேரும், மேல்பகுதி காய்ந்துவிடும். பில்டர் எண்ணெய் என்றே தனியாகக் கிடைக்கிறது. ஊற்றும்போது தண்ணியாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பிசின் மாதிரி இறுகும். நீலமோ பச்சையோ சிவப்போ சாயம் கலந்திருப்பார்கள். ஸ்பாஞ்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணெயை விட்டு, பையோடு பிசையுங்கள். உள்ளும் புறமும் ஒரே நிறமாக வந்தால் சரி. வெளிறிய திட்டு தெரிந்தால் அந்த இடத்துக்கு இன்னும் எண்ணெய் போகவில்லை. சொட்டச் சொட்டவும் விடாதீர்கள், வண்டி மூச்சுத் திணறும். மிச்சத்தை அமுக்கி எடுத்துவிட்டு அரை மணி நேரம் தொங்கவிடுங்கள்.

ஸ்பாஞ்சு காய்கிற நேரத்தில் ஏர் பாக்ஸைத் துடைத்துவிடலாம். அதற்கு முன் ரப்பர் குழாயின் வாயில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். சிரிக்காதீர்கள், துணியோடு ஒரு வண்டி என்னிடம் வந்திருக்கிறது. மாட்டும்போது ஸ்பாஞ்சின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மடங்கி இருந்தாலும் மண்ணுக்கு வழி கிடைத்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்பீர்கள். அது நீங்கள் வரிசையில் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் போகிறவருக்குத் தூசு இல்லை. கடைசியில் வருகிறவர் ஆறு ஏழு வண்டியின் தூசையும் தின்கிறார். வெயில் காலத்தில் அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் கழுவல்தான். கையில் இரண்டு மூன்று ஸ்பாஞ்சு இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும். எண்ணெய் போட்டதைப் பையில் கட்டி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துவிடுங்கள். ஒட்டு விட்டாலோ, கிழிந்தாலோ, விரலில் தேய்த்தால் பொடிப் பொடியாக உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். புது ஸ்பாஞ்சின் விலையைப் பிஸ்டன் விலையோடு ஒப்பிடவே முடியாது.

இன்னொன்று. இதைப் படித்த உற்சாகத்தில் அப்பா வேலைக்கு ஓட்டும் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளின் பில்டரைக் கழுவிவிடாதீர்கள். அதில் காகிதம் இருந்தால் தண்ணீரோ மண்ணெண்ணெயோ பட்டதோடு சரி. அதைக் கழுவ வழியில்லை, புதுசுதான் மாற்ற வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் பட்டறையில் கூட்டம் இருக்காது. ஸ்பாஞ்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். மண்ணெண்ணெயும் டப்பாவும் என்னுடையது. பில்டர் எண்ணெய் மட்டும் எல்லாரும் காசு போட்டு ஒரு போத்தல் வாங்கிக்கொள்ளுங்கள். வரிசையில் கடைசியாக ஓட்டுகிற தம்பி முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் போர்மேன் அண்ணன்