என் டிஎஸ்ஸைத் தர மாட்டேன், தம்பி

கோத்தகிரி
மார்ச் 3, 2021

அன்புள்ள தம்பிக்கு,

புதிய போகிமான் ஆட்டத்தைத் திட்டியும், என் பழைய டிஎஸ் விளையாட்டுக் கருவியைக் கேட்டும் நீ அனுப்பிய குரல் செய்திகளை எல்லாம் கேட்டுவிட்டேன். கடைசிச் செய்தியில் உனக்கு மூச்சு வாங்குகிறது. அரவங்காட்டு ஏற்றத்தில் நடந்துகொண்டே பேசினாயா, கோபத்தில் வாங்கிய மூச்சா என்று தெரியவில்லை. பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். உன் கூட்டாளிகளும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களும் படிக்கட்டும்.

போன மாதம் 25ஆம் தேதி, 9, 10, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள் மாலை தேர்தல் தேதி வந்தது; சித்தப்பா தொலைக்காட்சியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார், உன்னைக் கேட்க ஆளில்லை. அன்று இரவு எட்டரைக்குப் போகிமான் அறிவிப்பு. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவனுக்கு இதைவிட நல்ல இரண்டு நாள் வாய்க்குமா? நீயோ ஒன்பது மணிக்கெல்லாம் இழவு விழுந்த குரலில், "அக்கா, கெடுத்துட்டாங்கக்கா" என்கிறாய்.

போகிமான் பக்கமே போகாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போகிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு விடும் வீடியோ ஆட்டம் இது. 2006 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த டைமண்ட், பேர்ல் என்ற இரட்டை ஆட்டங்களை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காகப் புதிதாகச் செய்கிறார்கள். பெயர் பிரில்லியன்ட் டைமண்ட், ஷைனிங் பேர்ல். இந்த ஆண்டின் கடைசியில் வருகிறது. அந்த ஆட்டங்கள் நடக்கும் அதே சின்னோ என்ற கற்பனை நிலத்தின் பழங்காலத்தில் நடக்கும் லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் என்ற இன்னோர் ஆட்டம் 2022 தொடக்கத்தில் வருகிறது. அதை, போகிமான் ஆட்டங்களை வழக்கமாகச் செய்யும் கேம் ஃப்ரீக் நிறுவனம் தானே செய்கிறது. ரீமேக்கை மட்டும் இல்கா என்ற வேறு நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. முதன்மை வரிசையின் ரீமேக் ஒன்று வெளியாள் கைக்குப் போவது இதுதான் முதல் தடவை. புதியதைச் சொந்தக் கையால் செய்துகொண்டு, பழையதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள் என்பது ரசிகர்களின் ஆற்றாமை. அது எனக்குப் புரிகிறது.

காத்திருப்பும் கொஞ்ச நஞ்சமல்ல. 1996இன் முதல் ஆட்டம் 2004இல் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஆயிற்று. 1999இன் கோல்ட், சில்வர் 2009இல் திரும்பி வந்தன. 2002இன் ரூபி, சஃபையர் 2014இல். இடைவெளி 8, 10, 12 என்று நீண்டு இப்போது 15 ஆண்டு. கேம் ஃப்ரீக்கில் யாராவது தும்மினால்கூட "சின்னோ உறுதி" என்று ரசிகர்கள் கேலியாகச் சொல்லிக்கொண்டு ஆண்டுகளை ஓட்டினார்கள். அந்த நாள் நிஜமாகவே வந்தபோது திரையில் தெரிந்தது பெரிய தலையும் குட்டைக் காலுமாக ஒரு சிறுவன்.

உன் கோபம் முழுவதும் அந்தத் தலையின் மேல்தான். கேட்கிறேன், 2006இல் அவன் தலை எப்படி இருந்தது? அப்போதும் பெரிதுதான். டிஎஸ்ஸின் சின்னத் திரையில் புள்ளி புள்ளியாக நடந்துபோன அந்த உருவத்தில் பாதி தலை, மீதி தொப்பி. திரை சிறியது என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. "மூலத்துக்கு உண்மையாக" என்று அறிவிப்பில் சொன்னார்களே, அந்த அளவையே பெரிய திரைக்கு இழுத்துவந்துவிட்டார்கள். முகத்தை நெருக்கத்தில் காட்டும்போது அந்த ரப்பர் பளபளப்பு எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் இதற்காக ஒரு வாரம் சோறு இறங்காமல் இருக்க வேண்டுமா?

அதுவும் நீ! டைமண்ட் வந்தபோது நீ பெரியம்மா மடியில் கிடந்து கையைச் சப்பிக்கொண்டிருந்தாய். "நம்ம சின்ன வயசு விளையாட்டை நாசம் பண்ணிட்டாங்க" என்கிறாயே, யாருடைய சின்ன வயது? உன் சின்ன வயது முழுவதும் பென் டென்னில் போயிற்று, நான் பார்த்தேன். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ என் வயதுக்காரர் ஒருவர் புலம்பிய புலம்பலை நீ அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அவர் புலம்பட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது. உனக்கு இன்னும் அந்த ஆட்டமே தெரியாது.

எனக்குத் தெரிந்த சின்னோவைச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த டிஎஸ்ஸும் டைமண்ட் கேசட்டும் என் கையில் இருந்த காலத்தில், தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. இருட்டில் போர்வைக்குள் அந்தத் திரை வெளிச்சம் போதுமானதாக இருந்தது. சின்னோ, ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவைப் பார்த்துச் செய்த நிலம். நடுவே கொரோனெட் என்றொரு மலை அதை இரண்டாகப் பிளக்கிறது. கிழக்கே போக வேண்டுமென்றால் மலைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். முந்தைய ஆட்டங்களில் கடலும் சமவெளியும்தான் அதிகம். இதிலோ எங்கே திரும்பினாலும் ஏற்றம், இறக்கம், குளிர். வடக்கே போகப் போகப் பனி இடுப்பளவு ஆகி, நடை பாதியாகிவிடும்.

210ஆம் பாதை என்று ஒன்று வரும். அதன் நடுவில் சைடக் என்ற வாத்துப் போகிமான்கள் நான்கு தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தலைவலி, நகராது. அரவேணு பக்கம் சாலையில் காட்டெருமை நின்றால் பஸ் எப்படி அணைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்குமோ அப்படித்தான் காத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் வரும் சிந்தியா என்ற பெண் மருந்து கொடுத்த பிறகே வழி. அதைத் தாண்டி வடக்கே போனால் மூடுபனி. திரை முழுக்க வெள்ளை. மரப்பாலத்தில் நிற்கிறோமா, பாறை விளிம்பில் நிற்கிறோமா என்று ஊகித்துத்தான் காலை வைக்க வேண்டும். சண்டை வந்தால் அந்தப் பனி உள்ளேயும் வரும். அடித்த அடியெல்லாம் குறி தவறும். பனியை விலக்க டிஃபாக் என்று ஒரு வித்தை உண்டு. அது சொலேசியான் இடிபாடுகளுக்குள் கிடக்கிறது, அதைப் பயன்படுத்த ஹார்த்ஹோம் ஊரின் பதக்கமும் வேண்டும். நான் அதைத் தேடிப் போகவே இல்லை. மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் இறங்கும் பாதையில் வளர்ந்தவளுக்குப் பனி ஒரு தடையா என்ற திமிர். இரண்டு பாழும் வௌவால்களிடம் என் கூட்டம் முழுவதையும் இழந்துதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

குறைகளும் எனக்கு மனப்பாடம். டைமண்ட் மகா மந்தம். பிளிஸ்ஸி போன்ற பெரிய உடம்புக்காரியை அடித்துவிட்டு, அவள் உயிர்க்கோடு இறங்கி முடிவதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம். சேமிக்கப் போனால் "நிறையத் தகவல்களைச் சேமிக்கிறது" என்று அறிவித்துவிட்டு உறைந்து நிற்கும். நெருப்புப் போகிமான் என்றால் அந்த நிலத்தில் சிம்சார் குடும்பம், போனிட்டா குடும்பம், அவ்வளவுதான். ஆட்டத்தின் கடைசியில் மோத வேண்டிய நால்வரில் ஒருவரான ஃபிளின்ட் நெருப்பு வித்தகர் என்று பெயர். அவரிடமே ஐந்தில் இரண்டுதான் நெருப்பு. மீதிக்கு ஒரு இரும்புப் பாம்பு, ஒரு முயல், ஒரு பலூன்!

இதையெல்லாம் பிளாட்டினம் என்ற மூன்றாம் பதிப்பு 2008இல் சரிசெய்தது. வேகம் கூடியது, சின்னோவின் பட்டியல் 151இலிருந்து 210 ஆயிற்று, ஃபிளின்டின் கைக்கு உண்மையான நெருப்பு வந்தது. கிராட்டினா என்ற போகிமான் வாழும் தலைகீழ் உலகமும் பேட்டில் ஃபிரன்டியர் என்ற சண்டைக் களமும் அதில்தான். அறிவிப்பில் டைமண்ட், பேர்ல் பெயர்கள் கேட்டன. பிளாட்டினத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபப்படுவதானால் இங்கே படு தம்பி. 2014இல் இதே கதை நடந்தது. ரூபி, சஃபையரின் மூன்றாம் பதிப்பான எமரால்டில் இருந்த பேட்டில் ஃபிரன்டியரை எதிர்பார்த்து, ரூபியின் ரீமேக்கான ஒமேகா ரூபியை வாங்கியவர்களுக்கு, அதன் மாதிரிக் கட்டடம் ஒன்றைக் காட்டி "திட்டம் தொடங்கிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடிக்கல் நாட்டிவிட்டுப் போகும் விழாக்கள் நமக்குப் புதிதா என்ன. டைமண்டுக்கு மட்டும் உண்மையாக இருந்து, அந்த இரண்டே நெருப்புகளோடு ஃபிளின்ட் மறுபடி வந்து நின்றால் நானும் உன்னோடு சேர்ந்து கத்துகிறேன். தலைக்காகக் கத்த மாட்டேன்.

இன்னொன்று, நீலப் புல்லாங்குழல். ஆர்சியஸ் என்ற போகிமான் இருக்கும் மண்டபத்துக்குப் படிக்கட்டைத் திறக்கும் குழல் அது. டைமண்டின் நிரலுக்குள் எழுதியே வைத்திருந்தார்கள். ஆனால் உலகத்தில் ஒருவருக்கும் முறைப்படி கொடுக்கவே இல்லை. அந்த மண்டபத்தைக் கேசட்டுக்குள் பூட்டியே வைத்துவிட்டார்கள். இந்த முறை அதைக் கொடுத்தால் தலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் மன்னித்துவிடுவேன்.

ஆர்சியஸ் ஆட்டத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. முன்னோட்டத்தில் காட்சி திக்கித் திக்கி ஓடியது. புல்வெளி அழகாக இருந்தது. வரட்டும், பார்க்கலாம்.

இப்போது உன் கோரிக்கை. "அந்தப் பெரிய தலை ஆட்டம் எனக்கு வேண்டாம், உன் டிஎஸ்ஸைக் கொடு, ஒரிஜினலை விளையாடிக்கொள்கிறேன்" என்றாய். தர மாட்டேன். கஞ்சத்தனம் என்று சித்தியிடம் போய்ச் சொல்லாதே, காரணத்தைக் கேள்.

டைமண்டில் சேமிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. உன் ஸ்விட்சில் இருக்கும் போகிமான் ஸ்வார்ட் ஆட்டம் போல ஆளுக்கொரு கணக்கெல்லாம் கிடையாது. என் ஆட்டம் உள்ளே இருக்கும்போது நீ புதிதாகத் தொடங்கலாம், ஆனால் சேமிக்க விடாது. சேமிக்க வேண்டுமென்றால் முகப்புத் திரையில் மேல் பொத்தான், செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி என்னுடையதை அழிக்க வேண்டும். பழைய கோல்ட், சில்வர் கேசட்டுகளில் உள்ளே ஒரு சிறு பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் சேமித்தது தானாகவே போய்விடும். டைமண்டில் அந்தத் தொல்லை இல்லை. நானே அழித்தால்தான் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஒரு டார்டெர்ரா. முதுகில் மரமும் பாறையுமாக ஒரு மலையையே சுமக்கும் ஆமை. ஆங்கில எழுத்தில் அதற்குச் சோலை என்று பெயர் வைத்திருக்கிறேன். லாங்வுட் சோலைக்குப் பள்ளியில் கூட்டிக்கொண்டு போன வாரத்தில் வைத்த பெயர். அதை வெளியே கொண்டுவர வழியே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு டிஎஸ் வைத்து பிளாக் அல்லது ஒயிட் என்ற பிந்தைய ஆட்டத்துக்கு மாற்றி, அங்கிருந்து 3டிஎஸ் கருவி வழியாகப் போகிமான் பேங்க் என்ற இணைய வங்கியில் போட்டு, அங்கிருந்து ஸ்விட்சின் ஹோம் என்ற சேமிப்புக்கு ஏற்ற வேண்டும். போன வழி திரும்ப முடியாது. அத்தனை பெட்டிகள் நம் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. இருந்து, ஏற்றிக் கொண்டுவந்தாலும் உன் ஸ்வார்டுக்குள் டார்டெர்ராவுக்கு அனுமதியே இல்லை. எல்லாப் போகிமான்களுக்கும் இடம் கிடையாது என்று 2019 ஜூனில் சொன்னார்களே, அந்த விடுபட்டோர் பட்டியலில் அதுவும் ஒன்று. என் சோலை இப்போதைக்கு இந்தக் கேசட்டில்தான் இருந்தாக வேண்டும்.

ரீமேக் வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காகத்தான். என்னுடையதை அழிக்காமல் நீயும் அந்தப் பனிக்குள் போகலாம். அடி வாங்கு, வழி தவறு, தங்க மரத்தில் தேன் தடவிவிட்டு மணிக்கணக்கில் காத்திரு. மஞ்ச்லாக்ஸ் என்ற போகிமான் கிடைக்காமல் பல்லைக் கடி. இருபத்தொரு மரங்களில் நான்கில்தான் அது வரும், எந்த நான்கு என்று ஆட்டம் சொல்லாது. அப்புறம் வந்து "கெடுத்துட்டாங்கக்கா" என்று சொல். அப்போது உட்கார்ந்து கேட்கிறேன், வாதாடுகிறேன், வர்க்கியும் டீயும் வைக்கிறேன்.

அதனால் ஓர் ஏற்பாடு. தீபாவளிப் பணத்தில் நான் ஒரு ஸ்விட்ச் வாங்குவதாக இருக்கிறேன். உன்னுடைய ஆட்டத்தின் விலையில் பாதி நான் தருகிறேன். மீதியைச் சித்தப்பாவிடம் நீயே பேசிக்கொள், தேர்தல் முடிந்த பிறகு. நான் டைமண்ட் எடுத்துக்கொள்வேன், நீ பேர்ல் எடுத்துக்கொள். இரண்டு பேரும் ஒரே பதிப்பை வாங்கினால், மற்றதில் மட்டும் கிடைக்கும் போகிமான்களுக்கு ஊரில் வேறு ஆள் தேட வேண்டும். டைமண்ட் காலத்தில் எனக்கு மாற்றிக்கொள்ளவும் யாருமில்லை, ஆட்டத்தின் பாதாளச் சுரங்கத்தில் கொடி பறிக்கவும் யாருமில்லை. குன்னூரில் பஸ் மாறினால் நீ இங்கே வந்துவிடலாம்.

மூலத்துக்கு உண்மையாக இருந்தால் மிஸ்டிரீவஸ் என்ற போகிமான் பேர்லில் மட்டும்தான் கிடைக்கும். எனக்கு ஒன்று பிடித்து வை. பதிலுக்கு டைமண்டில் மட்டும் கிடைக்கும் மர்க்ரோ தருகிறேன்.

அன்புடன்,
அக்கா