ஒன்லைன் சந்தைகள்ல கட்டணம் திடீர் திடீர்னு மாறுறத ஒழுங்குபடுத்தச் சொல்லி மலையகக் கைப்பின்னல் பெண்கள் குடுக்கிற கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர் அவர்கள், வர்த்தக அமைச்சு, கொழும்பு.
ஊடாக: மாவட்டச் செயலாளர் அவர்கள், மாவட்டச் செயலகம், நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

நாங்க ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்துத் தோட்டங்கள்ல இருக்கிற பொம்பளைங்க. கம்பளி நூல்ல குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர், குல்லா, சொக்ஸ் எல்லாம் கையால பின்னி ஒன்லைன்ல விக்கிறோம். எங்கள்ல பாதிப்பேர் பகல்ல கொழுந்து எடுக்கப் போய்ட்டு வந்து ராத்திரியில பின்றவங்க, இன்னும் சில பேர் பென்ஷன் எடுத்து வீட்ல இருக்கிற அம்மாமாருங்க, ஏ.எல் முடிச்ச பிள்ளைங்க சில பேர் போட்டோ எடுத்து ஏத்துறது, ஓடர் பாக்குறது, பார்சல் கட்டி டவுன்ல கூரியர்ல குடுக்குறதுன்னு அந்தப் பக்கத்த பாத்துக்கிறாங்க. எழுதுறது நான்தான், ஆனா இதுல இருக்கிறது எல்லாரும் உக்காந்து கதைச்ச விஷயம்.

எங்க கோரிக்கை ஒன்னுதான், மத்ததெல்லாம் அதுல இருந்து வாறது. எங்க சாமான விக்கிற ஒன்லைன் சந்தை, கொமிஷனயும் மத்தக் கட்டணங்களையும் கூட்டுறதுன்னா போதுமான நாளைக்கு முன்னாடியே தமிழ்ல சொல்லணும், சொல்லாம கூட்டினா அது செல்லக்கூடாது. இதுக்கு ஒரு விதி கொண்டு வாங்க.

கொமிஷனே எடுக்கக்கூடாதுன்னு நாங்க கேக்கல ஐயா. அந்த ஒன்லைன் சந்தை ஆப் இல்லாட்டி மாத்தறையில இருக்கிற ஒருத்தங்க டிக்கோயாவுல பின்னின குல்லாவ எங்க கண்டு வாங்கப் போறாங்க. ஆப் நடத்துறவங்களுக்கும் செலவு இருக்கு, அது எங்களுக்குப் புரியுது. எங்க பிரச்சினை கட்டணம் மாறுற விதத்துல இருக்கு.

இப்ப எங்க கணக்க சொல்றேன், ஏன்னா இத யாரும் எங்ககிட்ட கேட்டதே இல்ல. ஒரு பேபி செட் 1,800 ரூபாவுக்குப் போடுறோம். நூல், பட்டன், பை எல்லாம் சேத்து 840 ரூபா கிட்ட ஆகும். முன்னாடி கொமிஷன் 9 சதவீதம், காசு கையாளுற கட்டணம் 2 சதவீதம், ரெண்டும் சேத்து 198 ரூபா, அதுக்கு மேல 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி), ஆக மொத்தம் 234 ரூபா போச்சு. நூல் செலவும் போக கையில 726 ரூபா நின்னுச்சு. இப்ப கொமிஷன் 14, காசு கையாளுற கட்டணம் 2.5, புதுசா 'இலவச டெலிவரி' பங்களிப்புன்னு 4 சதவீதம். இது 369 ரூபா, வற்றோட 435 ரூபா. கையில நிக்கிறது 525 ரூபா. வாங்குறவங்களுக்கு வெலை ஒரு ரூபா கூட ஏறல, நூல் கடைக்காரருக்கு ஒரு ரூபா கூட கொறயல, நடுவுல பின்னினவங்க கூலியில இருந்து 200 ரூபா காணாம போயிருச்சு. சின்னச் சின்னக் கண்ணி, ரெண்டு கையுறை, ரெண்டு சொக்ஸ், குல்லா, ஸ்வெட்டர்னு ஒரு செட் முடிக்க எத்தன ராத்திரி ஆகும்னு பின்னிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

அப்ப வெலைய கூட்டுங்கன்னு சொல்வீங்க. கூட்டிப் பாத்தோம். வெலைய மாத்தின ஒடனே தேடுறப்ப எங்க சாமான் கீழ எறங்கிருது, மேல வெளிநாட்டுல இருந்து வந்த மெஷின் பின்னல் 990 ரூபாவுக்கு நிக்குது. பழைய வெலைக்கே திரும்பிட்டோம்.

வற் விஷயம் தனியா சொல்லணும். 2024 ஜனவரியில வற் 15ல இருந்து 18 சதவீதமாச்சு. பெரிய கம்பனின்னா கொமிஷன் மேல கட்டின வற்ற தன்னோட கணக்குல கழிச்சுக்கும். நாங்க வற்றுக்குப் பதிவு பண்ற அளவுக்குப் பக்கத்துல கூட வராத ஆளுங்க, அதனால கழிக்க வழியே இல்ல, அந்த 18 சதவீதம் அப்படியே எங்க தலையில நிக்கிது. கட்டணம் ஒவ்வொரு தடவ கூடுறப்பவும் வற்றும் சேந்து கூடுதுங்கிறது ஆப்ல வாற அறிவித்தல்ல எழுதியிருக்காது, ஸ்டேட்மென்ட் வந்த பெறகுதான் தெரியும்.

இதுல ரொம்ப வலிக்கிறது நேரந்தான். பின்னல் வேலை ஓடர் வந்த பெறகு செஞ்சு குடுக்கிற வேலை இல்ல. ஏப்ரல் மாசம் நுவரெலியா சீசனுக்குக் கொழும்புல இருந்து சனம் மேல வரும், குளிருக்குப் போட பிள்ளைங்களுக்கு வாங்குவாங்க, அதுக்கு நாங்க ஜனவரியிலயே பின்ன ஆரம்பிக்கணும். ஜனவரியில பின்றதுக்கு நூல் டிசம்பர்ல புறக்கோட்டையில இருந்து வரணும், அந்த நூல் கடனுக்குத்தான் எடுக்குறோம். நூல் எல்லாம் வெளிநாட்டுச் சாமான், 2022ல டொலர் 200 ரூபாவுல இருந்து 360 கிட்ட போனப்ப நூல் வெலையும் கூடவே ஏறினது. ஆக நாங்க டிசம்பர்ல என்ன கட்டணம் இருந்துச்சோ அத வச்சு வெலை போட்டு, கடன் எடுத்து, மூனு மாசம் பின்னி வச்சுட்டு ஏப்ரலுக்குக் காத்திருக்கிறோம், நடுவுல மார்ச்ல ஒரு ஈமெயில் வருது, அடுத்த கெழமையில இருந்து கொமிஷன் இவ்வளவுன்னு. அப்ப நாங்க எத மாத்துறது? நூல திருப்பிக் குடுக்க ஏலாது, பின்னினத பிரிக்க ஏலாது, கடன்காரர் தவணைய தள்ளிப் போட மாட்டாரு.

கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு கிலோ கழிக்கிறத சின்ன வயசுல இருந்து பாத்து வளந்தவங்க நாங்க. அங்கயாவது தராசு நம்ம கண்ணு முன்னாடி இருக்கும், கேள்வி கேக்க ஒரு ஆள் நிப்பாரு. இங்க கழிக்கிறது யாருன்னே தெரியல.

அந்த ஈமெயிலும் முழுக்க இங்கிலீஷ்ல, உள்ள ஒரு லிங்க், அத அமத்தினா இன்னொரு பக்கம், அதுல சாமான் வகைக்கு ஒரு சதவீதம்னு நீளமா ஒரு அட்டவணை. தமிழ் இந்த நாட்டுல அரசகரும மொழி, அது தனியார் கம்பனிய கட்டுப்படுத்தாதுன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா எங்ககிட்ட காசு கழிக்கிற ஒப்பந்தம் எங்களுக்கு விளங்குற பாஷையில இருக்கணும்னு அரசாங்கம் சொல்லலாம்தானே. அதோட சேல் காலத்துல எங்களக் கேக்காமலே எங்க கடைய வவுச்சர் திட்டத்துல சேத்துர்றாங்க, வெளிய வாறதுன்னா நாங்களே தேடிப் போய் பட்டன அமத்தணும், அந்த பட்டன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள சேலே முடிஞ்சிருது. வாங்குறவங்க கேஷ் ஒன் டெலிவரி போட்டுட்டு பார்சல எடுக்காம விட்டா திரும்பி வாற செலவும் எங்களுக்குத்தான்.

டித்வா புயல் நேரம் நடந்தத நாங்க மறக்க மாட்டோம். 2025 நவம்பர் கடைசியில மழையோட மண்சரிவு வந்து பாதை எல்லாம் மூடிருச்சு, ரயில் இல்ல, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, லயத்துல இருந்த குடும்பங்கள பள்ளிக்கூடத்துலயும் கோயில்லயும் கொண்டு போய் வச்சாங்க. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை குடுத்த எடத்துல இருந்துக்கிட்டு யாரு பார்சல் அனுப்புறது? ஆனா சிஸ்டத்துக்கு அது தெரியல, 'தாமதமா அனுப்பினது'ன்னு எங்க கடைக்குப் புள்ளி கொறஞ்சுச்சு, ஓடர் ரத்தானதுக்கு அபராதமும் விழுந்துச்சு. சிக்னல் வந்த பெறகு முறைப்பாடு போட்டோம், ஆனா பதில் மெஷின் எழுதினது மாதிரி ஒரே வசனம் திரும்பத் திரும்ப. எங்கள்ல ஒரு அக்காவோட வீட்டுச் செவுரு விழுந்து நூல் எல்லாம் சேத்துல போச்சு, அவங்களுக்கும் அதே வசனந்தான்.

இது எங்க ஊர்ல மட்டும் நடக்கிற விஷயம் இல்லன்னு பிள்ளைங்க தேடிப் பாத்து சொன்னாங்க. கைவேலைச் சாமான் விக்கிற எட்ஸிங்கிற அமெரிக்கச் சந்தை 2018ல கட்டணத்த 3.5ல இருந்து 5 சதவீதமாக்கி, அனுப்புற செலவு மேலயும் அத எடுக்க ஆரம்பிச்சுச்சு. 2022 ஏப்ரல் 11ல 6.5 சதவீதமாக்கினாங்க, அப்ப ஆயிரக்கணக்கான சின்ன விற்பனையாளருங்க ஒரு கெழமைக்குக் கடைய மூடிப் போராட்டம் பண்ணாங்க. அந்த ஊர் ஆளுங்களுக்கே கோவம் வந்துச்சு, இத்தனைக்கும் அங்க பெப்ரவரி கடைசியிலயே சொல்லிட்டுத்தான் ஏப்ரல்ல கூட்டினாங்க. எங்களுக்கு அந்த ஒன்றரை மாசம் கெடைச்சிருந்தாலே போதும், கொஞ்சம் நூல் கொறச்சு எடுத்திருப்போம்.

சட்டம் போட்ட ஊரும் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துல 2019ல 1150ங்கிற இலக்கத்துல ஒரு ஒழுங்குவிதி வந்து 2020 ஜூலை 12ல இருந்து நடைமுறையில இருக்கு. ஒன்லைன் சந்தை அதோட நிபந்தனைகள மாத்துறதுன்னா விற்பனையாளருக்கு ஆகக் கொறஞ்சது 15 நாளைக்கு முன்னாடி எழுத்துல அறிவிக்கணும், மாத்தத்துக்குத் தயாராக கூட நாள் வேணும்னா அந்த நாளையும் குடுக்கணும், அறிவிக்காம செஞ்ச மாத்தம் செல்லாது. ஒரு கடைய மூடுறதா இருந்தா காரணத்தையும் எழுதிக் குடுக்கணும். அங்க இருக்கிற பெரிய பெரிய சந்தைகளே இந்த விதிக்குள்ள வியாபாரம் பண்ணுது, அதனால எங்க நாட்டுல இது முடியாதுன்னு யாரும் சொல்ல ஏலாது.

நம்ம நாட்டுலயும் வழி இல்லாம இல்ல. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குறவங்களப் பாதுகாக்கிறதுக்கு மட்டும் வந்தது இல்ல, போட்டியை வளக்கிறதுக்கும் உள்நாட்டு வியாபாரத்த ஒழுங்குபடுத்துறதுக்கும்னு அதோட ஆரம்பத்துலயே எழுதியிருக்கு. கடையில அரிசி வெலைய பாக்குற அதிகாரசபை ஒன்லைன் சந்தையையும் பாக்கலாம். அந்தச் சட்டத்துக்குள்ளயே செய்யலாமா, இல்ல புதுசா ஒழுங்குவிதி வேணுமாங்கிறது உங்க சட்டப் பகுதி பாத்துச் சொல்ல வேண்டியது.

எங்களுக்கு வேணுங்கிறத மறுபடியும் தெளிவா எழுதுறேன். எந்தக் கட்டணம் கூடுறதுன்னாலும், பேர் என்னவா இருந்தாலும், 60 நாள் முன்னறிவித்தல் வேணும், எங்க தொழிலுக்கு 15 நாள் பத்தாது, நூல் வாங்கி பின்னி முடிக்கவே அதுக்கு மேல ஆகும். அறிவித்தல் மூனு மொழியிலயும் வரணும், அதுல 1,000 ரூபா சாமான் வித்தா வற்றோட சேத்து கடைசியா எங்க கையில எவ்வளவு வரும்னு ஒரே ஒரு தொகையா காட்டணும். வவுச்சர், இலவச டெலிவரி மாதிரித் திட்டத்துல நாங்க சம்மதம் குடுத்தா மட்டும் சேக்கணும். அனர்த்த எச்சரிக்கை இருக்கிற பிரதேசத்துக்கு அந்த நாளெல்லாம் தாமதப் புள்ளியும் அபராதமும் போடக்கூடாது, எச்சரிக்கை எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குன்னு அரசாங்கமே அறிவிக்குது, அத சிஸ்டத்துல போடுறது ஆப் நடத்துறவங்களுக்குப் பெரிய வேலை இல்ல. முறைப்பாட்ட ஒரு மனுஷன் பாத்து பதில் சொல்லணும், அதுலயும் தீரலன்னா மாவட்டத்துல நுகர்வோர் அதிகாரசபைக் கிளையில விற்பனையாளரும் முறைப்பாடு குடுக்க இடம் வேணும். வற் பத்தி நிதி அமைச்சோட கதைச்சு, பதிவு பண்ணாத சின்ன விற்பனையாளருக்கு ஏதாவது நிவாரணம் குடுக்க முடியுமான்னு பாருங்க. இதுல முதலாவதா கேட்டது மட்டுமாவது இந்த சீசனுக்கு முன்னாடி வந்தா எங்களுக்குப் பெரிய ஒத்தாசை.

சுயதொழில் செய்ங்க, ஒன்லைன்ல வில்லுங்க, தோட்டச் சம்பளத்த மட்டும் நம்பி இருக்காதீங்கன்னு பயிற்சி வகுப்புல எங்களுக்கு சொல்லிக் குடுத்தது அரசாங்க உத்தியோகத்தர்மாருங்கதான். நாங்க அத நம்பித்தான் வியாபாரப் பதிவு எடுத்தோம், பேங்க் கணக்கு தொறந்தோம், கடன் எடுத்தோம். எங்களுக்கு மட்டும் இல்ல, பண்டாரவளையில ஜேம் போடுறவங்க, மாத்தளையில மசாலாத்தூள் பக்கெட் பண்றவங்கன்னு எல்லாருக்கும் இதே கதைதான், அவங்களும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க.

கட்டண மாத்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வந்த ஸ்டேட்மென்ட் பிரதிகள், எங்களுக்கு வந்த அறிவித்தல்கள், புயல் நேரத்து அபராத விபரம் எல்லாத்தையும் இதோட இணைச்சிருக்கோம். விசாரணைக்குக் கூப்பிட்டா எங்கள்ல சில பேர் மாவட்டச் செயலகத்துக்கு வரத் தயாரா இருக்கோம், கொழுந்து வேலைக்குப் போறவங்களுக்குப் பேர் விழாம அன்னைக்குச் சம்பளம் இல்லாம போயிரும், அதனால ஞாயித்துக்கெழமையோ பின்னேரமோ நேரம் குடுத்தா உதவியா இருக்கும். பதில தயவு செஞ்சு தமிழ்ல அனுப்புங்க.

இப்படிக்கு,
ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பிரதேசத்துக் கைப்பின்னல் செய்ற பெண்கள்
(கையெழுத்துகள் தனித்தாள்ல இணைக்கப்பட்டிருக்கு)