சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும் பெல்ட்

வாடகைக் கார்களை நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் மகளோடும் பேத்தியோடும் சென்னையிலிருந்து திருச்சிக்கு வாடகைக் காரில் வந்தேன். பின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன், வந்தது. அதைச் செருகும் லாக்கைத்தான் காணவில்லை. துழாவியதில் புது சீட் கவருக்கு அடியில் கட்டியாகத் தட்டுப்பட்டது. பின்னால் யாரும் பெல்ட் போடுவதில்லை, கவரைக் கிழித்தால் முதலாளி திட்டுவார் என்றார் ஓட்டுநர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய நீரில் வண்டி ஏறியபோது ஸ்டியரிங் பிடிப்பிழந்துவிட்டதை ஓட்டுநரின் தோள்கள் இறுகியதிலேயே தெரிந்துகொண்டேன். ஓரிரு நொடிதான். பேத்தியை மகள் இறுக அணைத்துக்கொண்டாள்.

அந்த அணைப்புதான் என்னை எழுத வைக்கிறது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த எனக்குக் கணக்கு தெரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நின்றால், அதனோடு ஒரு குழந்தையையும் நிறுத்த அதன் எடையைப் போல ஏறத்தாழ 24 மடங்கு விசை வேண்டும். 15 கிலோ பேத்திக்கு 360 கிலோ. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதும் உண்மை. அதை இறுக்கிக் கட்டவும் பெரும்பாலும் அந்த பெல்ட்தான் வேண்டும். பெல்ட் போடாத பெரியவரோ அதே 60 கி.மீ. வேகத்தில் முன் இருக்கையில் மோதுவார். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஓட்டுநர்.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. விலை உயர்ந்த கார் அது. பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி ஏற்கெனவே சொல்கிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரச் சாலையில் நிற்கும் லாரியைக் கண்டு இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன. 70-இல் வந்தது லாரியைத் தொடாமல் மயிரிழையில் நின்றுவிடுகிறது. 100-இல் வந்தது அதே இடத்தை எட்டும்போது இன்னும் 71 கி.மீ. வேகத்தில் இருக்கும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக, அதாவது வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காக, வளர்வதால் வரும் வினை இது. இதில் மொட்டை டயரும் சேர்ந்தால் நீரை வெளியேற்றப் பள்ளம் இல்லாமல் வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்போது பேச்சுக் கேட்காது. டயரில் சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. ஆழப் பள்ளம் அடைமழைக்குப் போதவே போதாது.

மழை தொடங்குமுன் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, லாக் இருக்கும் இடங்களில் கவரை வெட்டிவிடுங்கள். மழை நாளில் ‘எங்கே வருகிறாய்’ என்று ஓட்டுநரைப் போனில் விரட்டாதீர்கள்.

அடுத்த மாதம் மறுபடி சென்னை போகிறோம். பின் பெல்ட்டின் லாக் வெளியே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசுவேன். இருக்கிறது என்பவர் வாடகை கூடுதலாகக் கேட்டாலும் தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி