ராக்கெட் விட உதவியவர்களுக்கு நன்றி

சாட்ஸ்வொர்த், டர்பன்

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் போன வாரம் மைதானத்தில் தண்ணீர் ராக்கெட் விட்டார்கள். அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்களை லேபிள் கிழித்து, கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்த ஆயாமாருக்கு முதல் நன்றி. தக்கையில் துளை போட்டு சைக்கிள் டியூப் வால்வைப் பொருத்தித் தந்த பட்டறை அண்ணனுக்கு அடுத்தது. காற்று ஒழுகினால் எல்லாம் வீண். அவர் தந்த தக்கை ஒன்றுகூட ஒழுகவில்லை.

பொறியியல் படிக்கும் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். வந்ததும் நியூட்டனின் மூன்றாம் விதியைப் பலகையில் எழுதுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. "பாட்டில்ல எவ்வளவு தண்ணி ஊத்தலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். "நிறைய!" என்று ஒரே கூச்சல். சரி என்று கழுத்துவரை ஊற்ற விட்டார். பம்ப் அடித்தால், ஆளுயரம்கூடப் போகாமல் எல்லோரையும் நனைத்துவிட்டு விழுந்தது. அப்புறம் தண்ணீரே இல்லாமல் ஒன்று. 'டப்' என்ற சத்தம்தான் மிச்சம். மூன்றில் ஒரு பங்கு ஊற்றியது மட்டும் மரத்தைத் தாண்டிப் போனது. பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "தண்ணி ஃபுல்லா இருந்தா காத்துக்கு இடம் இல்ல." அடைபட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், அந்தத் தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும் என்பதை அதற்குப் பிறகுதான் தங்கை விளக்கினார். அந்த வரிசைக்காகவே அவருக்குத் தனி நன்றி.

நம் க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் ராக்கெட் பற்றியும் சொன்னார். 2021 மார்ச்சில் நம் நாட்டின் ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் உயரம் போனதாம். எரிபொருள் மெழுகு, அதை எரிய வைப்பது பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு. பிள்ளைகள் நம்பவே இல்லை. எனக்கும் அது புதுசுதான்.

கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்த அப்பாக்களுக்கும் நன்றி. ஒவ்வொரு தடவையும் பத்திலிருந்து ஒன்றுவரை தமிழில் எண்ணினால்தான் பம்ப் என்று கண்டிப்பாக இருந்தவர்களும் அவர்கள்தான். நான் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தும் வராத எண்கள், ஒரே காலையில் தலைகீழாக மனப்பாடமாகிவிட்டன.

ஏவுமேடை வகுப்பு அலமாரியில் இருக்கிறது. வேறு தமிழ் வகுப்புகள் கேட்டால் தருகிறோம். பம்ப் மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும். எங்களுடையதை அதன் சொந்தக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் நன்றி.