உதவி வாங்குபவரின் முகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் உதவிப் பொருள் வழங்கிய செய்தி உங்கள் நாளிதழில் வந்தால் கூடவே ஒரு படமும் வருகிறது. நடுவில் போதகர், இருபக்கமும் சபைப் பெரியவர்கள், பின்னால் பேனர். போர்வையையோ நோட்டுப் புத்தகங்களையோ வாங்குகிறவர் சற்றுக் குனிந்து, கேமராவைப் பார்க்கச் சொன்னதால் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படங்களை இனிமேல் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நானும் ஒரு சபையின் உதவிக் குழுவில் இருப்பவள்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சபையில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கொடுத்தார்கள். விருந்தினர் வரத் தாமதமானதால் தாய்மார்கள் வரிசையில் காத்திருந்தார்கள். படம் எடுத்து முடித்த பிறகுதான் பொருள் கைக்கு வந்தது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, ஒரு பையனுடைய வகுப்புத் தோழர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை அவன் அம்மா வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "உதவி வேணாம்னு இல்லைங்க சிஸ்டர், பையன் போகக் கூடாதுங்கிறான்" என்றார்.

நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடப் போனால், தண்ணீரைத் தொடுவதற்கு முன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூட வேண்டும். துடைக்கிற பாகத்தை மட்டும் விலக்கி, மற்றதைப் போர்த்தியே வைக்க வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு அழுத்திச் சொல்லிக்கொடுத்தது இது. அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிற நேரத்தில் மனிதருக்கு மானம் இன்னும் பெரிதாகிவிடுகிறது. சபை செய்கிற உதவிக்கும் அப்படி ஒரு திரை வேண்டும்.

யோவான் சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தை வாசிக்காத சபை கிடையாது. இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றிவைத்து, சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அங்கே குனிந்தவர் கழுவியவர்தான். நம் படங்களில் குனிந்து நிற்பது யார் என்று பாருங்கள். யூதாஸும் அந்த அறையில் இருந்தான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் இவன்தான் என்று தெரிந்திருந்தும், கால் கழுவும்போது "எல்லாரும் சுத்தமுள்ளவர்கள் அல்ல" என்றதோடு இயேசு நிறுத்திக்கொள்கிறார். பெயரைச் சொல்லவில்லை. துரோகம் செய்யப் போகிறவனுக்கே அந்த மரியாதை கிடைத்தது. வறுமையைத் தவிர வேறொரு குறையும் இல்லாத ஒரு தாய்க்கு நாம் அதைக் கொடுக்கவில்லையே.

இயேசு கால் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, 2013-ஆம் ஆண்டு, போப் பிரான்சிஸ் ரோமில் உள்ள காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். அவர் பொறுப்புக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்ததால் உலகம் முழுவதும் அதைப் பார்க்கக் காத்திருந்தது. ஆனாலும் அங்கிருந்தவர்கள் வயது குறைந்தவர்கள் என்பதால், வெளிவந்த காட்சியில் நாம் கண்டது பாதங்களைத்தான். செய்தியின் மதிப்பு அதனால் குறைந்துபோகவில்லை.

மத்தேயு 25-இல், "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று நீதிமான்கள் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டது தாமே என்கிறார் கிறிஸ்து. இதை நம்புகிற நாம், போர்வை வாங்க வந்தவரிடம் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று எப்படிச் சொல்கிறோம்? எனக்கு இது உண்மையிலேயே மனதில் வலிக்கிறது.

சரி, படம் இல்லாவிட்டால் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்கு எப்படிக் காட்டுவது என்று எங்கள் குழுவிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொதுப்பணத்தில் ஒளிவுமறைவு இருக்கவே கூடாது. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்த பவுல், யாரும் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று, தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. பணத்துக்குத்தான் அவர் சாட்சி வைத்தார். நாமும் வரவு செலவையும் ரசீதுகளையும் தணிக்கை அறிக்கையையும் சபையின் முன் வைக்கலாம், எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். பெயர்ப் பட்டியல் குழுவிடமே இருக்கட்டும்.

ஆகவே, எங்கள் சபைகளிலிருந்து இப்படிப் படம் வந்தால் செய்தியை மட்டும் வெளியிடுங்கள். படம் வேண்டியே தீர வேண்டுமென்றால், பொருள்களைக் கட்டி அடுக்கும் தொண்டர்களின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் முகம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேசப் போகிறேன். "பேப்பர்காரங்க கேட்கிறாங்களே" என்பதுதான் அங்கே வழக்கமாக வரும் பதில். அப்படிப்பட்ட படம் எங்களுக்குத் தேவையில்லை என்று உங்கள் நாளிதழில் ஒரு வரி அச்சிட்டால், அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சபை உதவிக் குழு உறுப்பினர்