பெயர் மாற்றும்போது வண்டியையும் பாருங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், மாநிலமெங்கும் பணிபுரியும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் வசிக்கும் நான், கேரளப் பகுதியில் பூப்பாறைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்து வருகிறேன். வாரத்தில் ஐந்தாறு நாள், போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் காலையில் ஏறி மாலையில் இறங்குவது என் வழக்கம். இந்த வேலைக்கென்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய டீசல் பிக்அப் வண்டி ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர்கள் அதைப் பெருமளவு மாற்றியமைத்திருந்தார்கள். அந்த வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றை முன்வைத்து, தனியார் வாகனங்களின் பெயர் மாற்ற நடைமுறையில் ஒரு திருத்தம் வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

வண்டி 2017ஆம் ஆண்டின் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி) வகை, இரட்டைக் கேபின், தனியார் வண்டிக்குரிய வெள்ளைப் பலகை, எனக்கு முன் இரண்டு பேர் கை மாறியது. ஒரு தரகர் மூலம் கோயம்புத்தூரில் பார்த்தேன். லிஃப்ட் கிட் போட்டு உடலை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். கம்பெனி டயருக்குப் பதிலாகச் சேற்று டயர்கள், முன்னால் கனத்த இரும்பு பம்பரும் இழுவைக் கயிறு சுற்றும் வின்ச்சும், பக்கவாட்டில் ஸ்நார்கல் என்ற உயர்ந்த காற்றுக்குழாய், கூரைமேல் எல்.இ.டி. விளக்கு வரிசை ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு: இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி எழுதி ரீமேப் செய்திருந்தார்கள், கழிவுப் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வழியை ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். ரீமேப் செய்ததை விற்றவர் ஒரு சிறப்பாகவே சொன்னார். தகட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சமதளத்தில் இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மலைக்கு இதைவிட உறுதியான வண்டி கிடைக்காது என்று நம்பி ஒன்பதரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். மலையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. அதை யார்மீதும் சுமத்தப் போவதில்லை.

ஆனால் தாள்களைப் பொறுத்தவரை, ஒரு சாதாரண மனிதன் சரிபார்க்கக்கூடிய எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஆர்.சி. சரியாக இருந்தது. கடன் பதிவு இல்லை, அபராத நிலுவை இல்லை, காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருந்தன. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டோம். சில வாரங்களில் என் பெயரில் புதிய ஆர்.சி. வந்தது. இந்தப் பயணம் முழுவதிலும் வண்டியை யாரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ, அந்த விவரங்களே என் ஆர்.சி.யில் இருந்தன; வாசலில் நின்ற வண்டியோ வேறொன்று.

அந்த வேறுபாடு இறக்கத்தில் தெரிந்தது. டீசல் வண்டியை மலையில் இறக்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது, கியரை நம்ப வேண்டும் என்பது எங்கள் ஊர் ஜீப் ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். என் வண்டி பிடிக்கவில்லை. இரண்டாம் கியரில் இறங்கும்போதும் வேகம் கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்த வேண்டியிருந்தது. வாங்கிய நான்காம் மாதம், ஐப்பசி மழையில் மூடுபனிக்கிடையே மூன்று தோட்டத் தொழிலாளர்களுடன் இறங்கிக்கொண்டிருந்தபோது, கருகல் வாடை வந்து, பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போயிற்று. மலைச்சரிவுப் பக்கம் ஒட்டி, முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் உரசவைத்து நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் இறங்கி, ஒன்றும் பேசாமல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணத்தை ஒரு மூத்த மெக்கானிக் தரையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டினார். கம்பெனி கொடுத்த டயரின் அளவு 245/70 ஆர் 16. அதன் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீட்டர். மாற்றிப் போட்டிருந்தது 285/75 ஆர் 16. அதன் விட்டம் ஏறத்தாழ 834 மில்லிமீட்டர். சக்கரம் பதினோரு விழுக்காடு பெரிதானால், அதே கியரில் அதே வேகத்தில் இன்ஜினின் சுழற்சி பத்து விழுக்காடு குறையும். இறக்கத்தில் இன்ஜினின் பிடிமானமும் அதற்கேற்பத் தளரும். பிரேக் தட்டோ பழைய அளவுதான். அது இப்போது பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். முன்பக்கம் இரும்பு பம்பரும் வின்ச்சும் கூட்டிய எடை வேறு. உடலை உயர்த்தியதால் ஈர்ப்பு மையம் மேலேறி, வளைவில் வண்டி சாய்வது கூடும். முன் அச்சுத் தண்டின் கோணம் மாறி, அதன் மூட்டுகள் விரைவில் தேயும். முகப்பு விளக்கின் ஒளி உயர்ந்து, எதிரே ஏறி வருகிறவரின் கண்ணில் விழும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறிய மாற்றமே. இவை எல்லாம் ஒரே வண்டியில் சேரும்போது, அதை வடிவமைத்த பொறியாளர்கள் போட்ட கணக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். பழைய வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது அது. டயர் பெரிதானால் வேகமானி குறைத்துக் காட்டும்: முள் 80இல் நிற்கும்போது வண்டி 89இல் ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே குறையும். யாரும் மீட்டரைத் திருத்தாமலேயே, அந்த டயரில் ஓடிய ஒவ்வொரு லட்சம் கிலோமீட்டருக்கும் சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் கணக்கில் வராமல் போய்விடும். டைமிங் பெல்ட்டையோ ஆயிலையோ கிலோமீட்டர் பார்த்து மாற்றுகிற டீசல் வண்டிக்கு இது சிறிய பிழையல்ல.

பிறகு ஒரு நாள் எல்லை தாண்டிய பக்கத்தில் வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்டேன். டயர், பம்பர், விளக்கு வரிசை ஆகியவற்றுக்காக அபராதம் விதித்தார்கள். அதிகாரி கண்ணியமாகவே பேசினார், சட்டத்தையும் விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ பிரிவை மாற்றியமைத்து, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. முன்பக்க இரும்புக் கம்பிகள் 52ஆம் பிரிவுக்கு முரண் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

இந்தச் சட்டம் சரியானது என்றே நினைக்கிறேன். மண்மேட்டில் உரசி நின்ற அந்த மாலைக்குப் பிறகு வேறுவிதமாக நினைக்க எனக்கு வழியில்லை. என் கேள்வி வேறு. சட்டம் தண்டிப்பது மாற்றம் செய்த உரிமையாளரை. சாலையில் நிற்பதோ கடைசியாக வாங்கியவர். மாற்றத்தைச் செய்தது தான் அல்ல என்று காட்ட அவர் கையில் என்ன தாள் இருக்கிறது? ஆர்.சி. மாற்றமில்லை என்கிறது. படிவம் 29உம் 30உம் யார் விற்றார், யார் வாங்கினார் என்று மட்டுமே பேசுகின்றன. விபத்து நேர்ந்து காப்பீட்டுக்குப் போனாலும், அறிவிக்கப்படாத மாற்றங்களைக் காட்டி வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படும் அபாயம் அவருக்கே. பெயர் மாறிய நாளில் குற்றமும் கை மாறிவிடுகிறது. வாங்கியவருக்கு அது தெரிவதே இல்லை.

புகைச் சான்று இதைப் பிடிக்கும் என்று எண்ணியிருந்தேன். பிடிக்காது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை, நின்ற இடத்தில் இன்ஜினை முழு வேகத்துக்கு முறுக்கி, வெளிவரும் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறது, பி.எஸ். 4 வண்டிக்கு ஹார்ட்ரிட்ஜ் என்ற புகை அடர்த்தி அளவில் 50 வரை தேர்ச்சி. ஈ.ஜி.ஆர். என்பது கழிவுப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் ஏற்பாடு. அதை அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கரி குறையவே வாய்ப்புண்டு. அதாவது, கெடுக்கப்பட்ட வண்டி இந்தச் சோதனையில் இன்னும் எளிதாகத் தேறிவிடலாம். இனி வரப்போவது இதைவிடப் பெரிய சிக்கல். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 விதிகள், டீசல் கார்களின் நுண்துகள் வரம்பைக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும், நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை 250இலிருந்து 80 ஆகவும் இறக்கின. அதற்காகவே புகைக்குழாயில் வடிகட்டிகள் வந்தன. அடைப்பு எடுக்கச் செலவாகிறது என்று அந்த வடிகட்டியின் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, வெளிக்கூட்டை மட்டும் விட்டுவைக்கும் வேலையும் நடக்கிறது. அந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. வாங்குகிறவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மஞ்சள் பலகைச் சரக்கு வண்டி குறித்த காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வந்து நிற்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியோ பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் யார் பார்வைக்கும் வராமல், நான்கைந்து கைகள் மாறிவிடலாம். எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் அழைக்கிறோம். வண்டியின் பிரேக்கைப் பார்த்துச் சொல்ல அரசு அனுப்பிய மனிதர் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்தே இதைக் கேட்கிறேன்.

பழைய தனியார் வண்டி வாங்க நினைக்கிறவர், பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவரின் சம்மதத்துடன் வண்டியை அருகிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி, ஆய்வாளரின் எழுத்துப்பூர்வமான அறிக்கையைப் பெறும் வசதி வேண்டும். டயர் அளவு, உடல் உயரம், முன்பக்க அமைப்பு, கூடுதல் விளக்குகள், ஈ.ஜி.ஆர்., வடிகட்டி, இன்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள் ஆகியவை தயாரிப்பாளர் குறித்தபடி இருக்கின்றனவா என்பதே அறிக்கையின் பொருள். மென்பொருளைப் படிக்கும் கருவி எல்லா அலுவலகங்களிலும் உடனே வந்துவிடாது என்பதை அறிவேன். டயர் அளவைப் படிக்கவும், பம்பருக்கு அடியில் குனிந்து பார்க்கவும் எந்தக் கருவியும் தேவையில்லை, அதிலிருந்து தொடங்கலாம். பெயர் மாற்ற விண்ணப்பத்துடன், வண்டியில் செய்யப்பட்ட மாற்றங்களை விற்பவர் கையெழுத்திட்டு அறிவிக்கும் ஒரு பக்கத்தைச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். பழைய வண்டி விற்பனையாளர்கள் பதிவு பெறுவதற்கான மத்திய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அப்படிப் பதிவு பெறுகிறவர்களிடமிருந்தாவது இந்த அறிவிப்பை முதலில் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தெரியாமல் வாங்கிவிட்டு, தாமாகவே அலுவலகத்துக்கு வந்து உண்மையைச் சொல்கிறவருக்கு, வண்டியைக் கம்பெனி நிலைக்குத் திருப்ப மூன்று மாத அவகாசம் கொடுங்கள். அந்தக் காலத்தில் அபராதம் வேண்டாம். அபராதத்துக்கு அஞ்சுகிறவர் வண்டியைத் திருத்துவதில்லை. அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறார். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அதே தரகரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் இன்னொருவர் அதை மலைக்குக் கொண்டுபோயிருப்பார்.

நான் விற்கவில்லை. டயரும் சஸ்பென்ஷனும் பழைய அளவுக்கு மாறின, ஈ.ஜி.ஆர். தகட்டை எடுத்துவிட்டு, இன்ஜின் மென்பொருளைக் கம்பெனி அமைப்புக்கே மாற்றினோம். பம்பர், வின்ச், விளக்கு வரிசை எல்லாம் கழன்றன. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று. இப்போது இரண்டாம் கியரில் இறங்கினால் வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. கழற்றியவை எல்லாம் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் பின்புறம் கிடக்கின்றன. நல்ல விலை தருவதாக இருவர் கேட்டுவிட்டார்கள். எந்த வண்டியில் ஏறும் என்று தெரியாததால் கொடுக்கவில்லை. தாங்கள் முன்னோட்டமாக ஒரு சோதனை முகாம் நடத்த முடிவுசெய்தால், மாற்றியமைத்த வண்டியின் எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்ட அந்தப் பாகங்களையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போடிநாயக்கனூரைச் சேர்ந்த ஓர் ஏலத்தோட்டக் குத்தகைதாரர்